கருமாதி ஆகாத ஆளுக்கு ஒரு ஒப்பாரி

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. பையைக் கால்மாட்டுல வச்சுக்கிடுங்க, ஒண்ணும் ஆகாது. கொடைக்குச் சாமான் வாங்கிட்டுத் திரும்புறீகளா? மாவிலங்கப்பட்டிக்குத்தானா? நானும் அங்கனதான். போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு. இந்த பஸ்ஸு வழியில உள்ள வேப்பமரத்துக்கெல்லாம் நின்னு கும்பிடு போட்டுட்டுத்தான் போகும்.

என்ன அப்படிப் பாக்குறீக? இந்த வெயில்ல தலையில மப்ளரு சுத்தியிருக்கானேன்னா? காதுவலி இல்ல. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கானேன்னா? கண் ஆப்பரேசனும் இல்ல. எல்லாம் ஒரு காரியமாத்தான். சொல்றேன்.

என் குரலைக் கேட்டா ஏதாச்சும் ஞாபகம் வருதா? வரலையா? ‘கரிசல் சீமையின் கானக்கடலே, காத்துக்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்த கலைத்தாயே...’ இப்பவும் வரலையா? போன வருசம் அம்மன் கொடைக்கு நீங்க ஊர்ல இல்லையோ? திருப்பூர்ல இருந்தீகளா? அதான பாத்தேன். இருந்திருந்தா இந்தக் குரலை மறந்திருக்க மாட்டீக.

வெண்கலக்குரல் சொர்ணப்பாண்டி. நான்தான். வேலுத்தாயம்மாவோட மேடை அறிவிப்பாளர். அறிவிப்பாளரா இருந்தவன். வேலுத்தாயம்மா தெரியுமில்ல? இன்னைக்கு உங்க ஊர்க் கொடையில பாட வாராகளே, அவுகதான். தெரியும். எல்லாருக்கும் அவுகளைத் தெரியும். அவுகளைத் தெரிய வச்சவனைத்தான் ஒருத்தனுக்கும் தெரியாது.

என்னமோ சொல்ல வந்தீகளே? காலையில கொழாயடியிலயா? இருங்க, இருங்க. மொதல்ல நான் சொல்லி முடிச்சிருறேன். உங்க ஊர்க்காரவுக உங்ககிட்ட ஒரு பக்கத்துக் கதையைத்தான் சொல்லியிருப்பாக. ‘மைக்குக்காரப் பய பண்ணின கூத்து’ன்னு சொல்லியிருப்பாக. என் பக்கத்துக் கதையை யாரு கேட்டா?

வேலுத்தாயம்மா பருத்தி எடுக்கப் போனவுக, பாத்துக்கிடுங்க. கொமரியா இருக்கையில காட்டுல நிரை பிடிச்சுப் பருத்தி எடுத்துக்கிட்டே பாடுவாகளாம். முன்னால போற பொம்பளைக பூராம் பாட்டைக் கேக்குறதுக்காக வேணும்னே பின்தங்க, காட்டுக்காரர் வந்து சத்தம் போடுவாராம். அப்புறம் எழவு வீடுகளுக்குக் கூப்பிட ஆரம்பிச்சாக. வேலுத்தாய் வந்து ஒரு பாட்டு அழுதாத்தான் செத்தவுகளுக்கே மருவாதைன்னு ஆகிப்போச்சு. அதுக்கப்புறம் ஒரு காலேசு வாத்தியாரு டேப்பைத் தூக்கிட்டு வந்தாரு. ரேடியோவுல பாடினாக. மெட்ராசுல பெரிய பெரிய சபையில பாடினாக. சிங்கப்பூருக்குக்கூட ஒரு தடவை போயிட்டு வந்தாக. இதெல்லாம் நான் வாரதுக்கு முந்தி. அதுனால இதையெல்லாம் பெருசா எடுத்துக்கிட வேண்டியதில்ல. அவுகளோட உண்மையான வளர்ச்சி நான் வந்தப்புறம்தான்.

நான் எப்படி வந்தேங்கிறீக? மைக்செட்டோட வந்தேன். ஒரு ஊர்ல மைக்கைக் கட்டிட்டு ‘ஹலோ ஹலோ’ன்னு சரிபாத்துக்கிட்டு இருந்தேன். மேடைக்குப் பின்னால இருந்து கூப்பிட்டாக. ‘ஏ மைக்கு, நீயே எம் பேரைச் சொல்லிவிட்ருப்பா. எனக்கு நானே சொல்லிக்கிடக் கூச்சமா இருக்கு’ன்னாக. நான் சொன்னேன், ‘இப்பொழுது வேலுத்தாய் பாடுவார்கள்.’ அன்னைக்கு அம்புட்டுத்தான்.

அடுத்த ஊர்ல ‘கிராமியப் பாடகி’ன்னு ஒண்ணு சேத்தேன். அதுக்கடுத்த ஊர்ல ‘புகழ்பெற்ற’ன்னு ஒண்ணு. ஒரு மனுசனுக்குள்ள திறமை இருந்தா அதை அடக்கிவைக்க முடியுமா அண்ணாச்சி? அவுக பொறந்த ஊரு வந்துச்சு, பொறந்த நட்சத்திரம் வந்துச்சு, கரிசல் மண்ணு எப்படிக் கறுப்பாச்சுங்கிற வரலாறு வந்துச்சு. அப்படியே பேச்சோட பேச்சா ‘தொகுத்து வழங்குவது உங்கள் வெண்கலக்குரல்’னு நடுவுல நடுவுல வந்துச்சு. அந்தப் பட்டத்தை யாரு கொடுத்தான்னு சில பொறாமைக்காரன் கேப்பான். பட்டத்தைப் பாக்கணுமே தவிர கொடுத்த கையைப் பாக்கக்கூடாது.

அவுக பாட்டுக்கு மேடைக்குப் பின்னால வெத்தலையைப் போட்டு, மென்னு, துப்பி, மறுபடியும் போட்டுக்கிட்டு இருப்பாக. ‘ஏ மைக்கு, போதும்யா’ன்னு ஒரு சத்தம் கொடுப்பாக. அது உற்சாகப்படுத்துறதுன்னு நான் எடுத்துக்கிடுவேன்.

கடற்கரைன்னு ஒருத்தன், தப்பு அடிக்கிறவன். தப்பைத் தீயில காட்டிக் காய்ச்சினாத்தான சத்தம் விண்ணுன்னு விழும்? ‘அண்ணே, நீ பேசி முடிக்கிறதுக்குள்ள தப்பு குளுந்துபோகுது. திரும்பவும் வைக்கோல் கொடுங்கன்னு ஊர்க்காரவுககிட்ட கேக்க வெக்கமா இருக்கு’ம்பான். கலை தெரியாத பய. நான் பேசுறப்ப சனம் எந்திரிச்சு வீட்டுக்குப் போயி சாப்பிட்டுட்டு வரும். அதைக் குறையாச் சொல்லுவாக. நான் அப்படி நினைக்க மாட்டேன். இவன் குரலு வீடு வரைக்கும் கேக்கும்ங்கிற நம்பிக்கைதான அது?

சரி, விசயத்துக்கு வாரேன்.

அவுக கச்சேரியில உச்சம் எதுன்னா ஒப்பாரிதான். கடைசியில பாடுவாக. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ல சமீபத்துல காலமான ஒருத்தரு பேரைச் சேத்துப் பாடுவாக. பேரு விழுந்த நிமிசத்துல பொம்பளையாளுக பூராம் மூக்கைச் சிந்தும். அதுக்காக அவுக மத்தியானமே ஊருக்குப் போயிருவாக. கொழாயடியிலயோ கெணத்தடியிலயோ பொம்பளைகளோட உக்காந்துக்கிட்டு விசாரிப்பாக. பேரு என்ன, எத்தனை பிள்ளைக, எப்படிப் போனாக... அதோட விட மாட்டாக. ‘அந்த மனுசிக்கு என்ன பிடிக்கும்?’ம்பாக. நெத்திலிக் கருவாட்டுக் கொழம்புன்னா உசிரும்பாக அந்தப் பொம்பளைக. ‘கோவம் வந்தா எப்படி ஏசுவா?’ம்பாக. அதையும் சொல்லிக் காட்டுவாக. பாட்டுல அந்தக் கருவாடும் வரும், அந்த ஏச்சும் வரும். செத்தவளே வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்குன்னு சொல்லி அழுவாக.

இதுல ஒரு சட்டம் வச்சிருந்தாக. கருமாதி முடிஞ்ச ஆளு பேருதான் வேணும். ‘கருமாதி முடிஞ்சவுகளுக்குப் பாடினா அது பாட்டு. கருமாதி ஆகாதவுகளுக்குப் பாடினா அது எழவு. எழவு விழுந்தா தீட்டு. சாமி கும்பிடுற எடத்துல அதைப் பண்ணப்படாது’ம்பாக. இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கிடுங்க, பின்னால வரும்.

அப்புறம் அவுகளுக்கு முழங்கால்ல வலி வந்துச்சு. வெயில்ல நடக்க முடியல. ‘ஏ மைக்கு, நீ போயி விசாரிச்சுட்டு வாய்யா’ன்னாக. நம்பிக்கையான ஆளுன்னுதான அனுப்பினாக? அவுகளுக்கு எழுத்து தெரியாது, பாத்துக்கிடுங்க. கைநாட்டு. பஸ் போர்டைக்கூட நான்தான் வாசிச்சுச் சொல்லணும். நோட்டீசுல அவுக பேரு எங்க இருக்குன்னு நான்தான் விரலை வச்சுக் காட்டணும். எம் பேரையும் காட்டுவேன். அது அவுக பேருக்கு மேல இருக்கும். ‘எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரித்தான்யா தெரியுது’ம்பாக.

ஆரம்பத்துல நானும் டீக்கடையில உக்காந்து விசாரிச்சேன். ஆனா எல்லா ஊர்லயும் ஒரே கதைதான். நல்ல மனுசன், தயாள குணம், நெஞ்சுவலி. இதைக் கேக்குறதுக்கு எதுக்கு வெயில்ல அலையணும்? பேரு மட்டும் தெரிஞ்சாப் போதும். பேருக்கும் இப்ப எங்கயும் போக வேண்டியதில்ல, பஸ் ஸ்டாப்புல இறங்கினாலே ஃப்ளெக்சுல கண்ணீர் அஞ்சலி தொங்குது. வாசிச்சுட்டு நிழல்ல துண்டை விரிச்சுப் படுத்துக்கிட வேண்டியதுதான். அவுக ‘என்ன பிடிக்கும் அந்த ஆளுக்கு?’ம்பாக. ‘தயாள குணம்மா’ம்பேன். தொழில்ல ஒரு நுணுக்கம்னு வச்சுக்கிடுங்க.

இப்படித்தான் போன வருசம் உங்க ஊருக்கு வந்தேன். இறங்கினதும் எதுத்தாப்புல பெரிய ஃப்ளெக்சு. ‘எங்கள் குலவிளக்கே, எளியோரின் இமயமே, வெயிலுகந்தபாண்டியன்.’ வெள்ளைச் சட்டை, கையெடுத்துக் கும்பிடுற போட்டோ, பின்னால மேகம், மேகத்துல புறா. கீழ்ப்பாதியை மறைச்சு வெறகுக்குப் பருத்திமாரைக் கட்டுக்கட்டா அடுக்கியிருந்தாக. போட்டோவுக்கு ரோசாப்பூ மாலை. அச்சடிச்ச மாலை இல்ல, நெச மாலை. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, போட்டோவுக்கு மாலை போட்டா என்ன அர்த்தம்? உசிரோட இருக்கிற ஆளு போட்டோவுக்கு எவனாச்சும் மாலை போடுவானா?

போட்டிருக்கான். பொறந்தநாளாம். தொண்டருகளாம். கீழ்ப்பாதியில ‘அகவை அறுபது’ன்னு அடிச்சிருந்துச்சாம். அதுக்காகப் பருத்திமாரை விலக்கிப் பாக்க முடியுமா? உள்ள பாம்பு கெடக்கும். பொறந்தநாளுக்கும் எழவுக்கும் ஒரே போட்டோ, ஒரே மேகம், ஒரே புறா, ஒரே இமயம். அடிக்கிறவனும் ஒரே கடைக்காரன். இதுல என் தப்பு என்ன இருக்கு?

‘கருமாதி முடிஞ்சுச்சா?’ன்னு அம்மா கேட்டாக. மாலை வாடாம புதுசா இருக்கே, அப்ப வருசத் தெவசமாத்தான் இருக்கும்னு நானே கணக்குப் போட்டு, ‘எப்பவோ முடிஞ்சுச்சும்மா’ன்னேன். ‘ஆளு எப்படி?’ன்னாக. ‘தயாள குணம்’னேன்.

பொழுது அடைய மேடை ஏறியாச்சு. முன்வரிசையில ஒரு சோபா. விழாக் கமிட்டிக்காரவுக ஒருத்தரைக் கூட்டிவந்து உக்கார வச்சு, ‘தலைவருக்குப் பொன்னாடை போத்துங்க’ன்னாக. நானே போத்தினேன். பேரு கேக்கல. தலைவருக்கு எதுக்குப் பேரு? ஃப்ளெக்சுல இருந்த மூஞ்சிக்கும் இந்த மூஞ்சிக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அங்க தலை நிறையக் கறுப்பு முடி, இங்க முடியே இல்ல. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவரு, வாற எலெக்சன்ல திரும்ப நிக்கப்போறவரு, அன்னைக்குக் கச்சேரிச் செலவே அவரோடதுதான்னு எனக்கு அப்பம் யாரு சொன்னா?

அன்னைக்கு என் பேச்சு அமோகம். கடற்கரை மூணு தடவை தப்பைக் காய்ச்சிட்டான். அப்புறம் அவுகளும் ஒரு பாட்டு, ரெண்டு பாட்டுன்னு பாடிக்கிட்டே கடைசியில ஒப்பாரிக்கு வந்தாக. முந்தானையால வாயைப் பொத்தி ஒரு செருமல் செருமிட்டு எடுத்தாக:

‘பொன்னான மேனியிலே – ஐயா
பூமாலை வாடுமுன்னே
கண்ணான வெயிலுகந்தார்
காடுசேரப் போனதென்ன’

மத்த ஊர்னா இந்த எடத்துல ஒரு விசும்பல் கெளம்பும். இங்க ஒரு சத்தமும் இல்ல. பிள்ளைக ஊதிக்கிட்டு இருந்த பீப்பிகூட நின்னுபோச்சு. ஆகா, துக்கம் இவுகளுக்குத் தொண்டையை அடைச்சிருச்சுன்னு நான் நினைக்கேன்.

பின்னால இருந்து ஒரு கெழவி கேட்டா: ‘எப்பம்? சாயங்காலம்கூட ஆட்டுக்குக் கொழை ஒடிச்சுக்கிட்டு நின்னாரே?’

இன்னொருத்தி கேட்டா: ‘நெசந்தானாக்கா? ஆத்தா கண்ணைத் தொறந்துட்டாளா?’

அவ்வளவுதான். சிரிப்புன்னா சிரிப்பு, பந்தல் கம்பு ஆடுது. சனம் பூராம் சோபாவையே பாக்கு. சோபாவுல நான் போத்தின பொன்னாடையோட அந்த மனுசன் மிளகாப்பழமா செவந்துபோயி உக்காந்திருக்காரு. அவருக்குச் செத்துட்டோம்னு சொன்னதுகூடப் பெருசில்ல அண்ணாச்சி. சொன்ன பிறகும் ஒருத்தி அழலையே, அதுதான்.

ஒப்பாரியை எடுத்தா பாதியில நிறுத்தப்படாது. நிறுத்தினா அந்த எழவு பாடினவ தலையில வந்து விடியும்பாக. அவுக என்னைத் திரும்பி ஒரு பார்வை பாத்தாக. அந்தப் பார்வையை விடுங்க. மெதுவா முழங்காலைப் பிடிச்சுக்கிட்டுப் படியில இறங்கி, மைக்கை விட்டுட்டு, நேரா சோபாவுக்கு முன்னால போயி நின்னு எடுத்தாக:

‘மாண்டாருன்னு பாட வந்தேன் – ஐயா
மாலையோட இருக்கீரே
ஆண்ட சனம் அழுகலையே – நீரு
ஆருக்கென்ன செஞ்சீரு’

கேட்டுட்டு அப்படியே நின்னாக. அடுத்த வரியை எடுக்கல. அந்தச் சமயத்துல ஒரு பொம்பளை எந்திரிச்சு வந்து, அவுக தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, எழவு வீட்டுல அழுகுற மாதிரியே இழுத்தா:

‘கொழாயின்னு நட்டீரு – அதுல
கொக்கு வந்து உக்காருது
தாகமுன்னு போய் நின்னா
காத்துதானே ஊத்துதய்யா’

ஒருத்தி ஆரம்பிச்சா முடிஞ்சுச்சே! வட்டமா உக்காந்துட்டாக. எழவுல அழுகையில செத்தவனை என்ன வேணும்னாலும் ஏசிக்கிடலாம், யாரும் குறுக்க பேசப்படாது. அது வழமை. ஒருத்தி எரியாத தெருவிளக்கைச் சொல்லி அழுதா. ஒருத்தி,

‘நூலகம்னு கட்டிவச்சீர் – அங்க
உம்ம ஆடு படிக்குதய்யா’

ன்னு அழுதா. சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சவுகதான் அண்ணாச்சி, கொஞ்ச நேரத்துல நெசமாவே அழுதாக. தண்ணிக்காக ரெண்டு ஊரு தாண்டி நடந்ததைச் சொல்லி அழுதாக. கொடத்தோட விழுந்து இடுப்பு ஒடிஞ்சவளைச் சொல்லி அழுதாக. தலைவரு எந்திரிக்கப் பாத்தாரு. பக்கத்துல இருந்த ஒரு பெரியவரு தோளைப் பிடிச்சு அமுக்கி, ‘எழவுல பாதியில எந்திரிக்கப்படாது தலைவரே’ன்னாரு. கடற்கரைப் பய எழவுக்கொட்டு அடிக்க ஆரம்பிச்சுட்டான். அன்னைக்கு அவன் தப்பு குளுரவே இல்ல. நான் ஒருத்தன்தான் மேடையில மைக்கைக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். என்னத்தன்னு அறிவிக்க?

அதோட முடிஞ்சுச்சா? அங்கதான் கூத்தே. ஒப்பாரி முடிஞ்சதும் பூசாரி வந்து நின்னுட்டாரு. ‘ஒருத்தரும் நகரப்படாது. காப்புக் கட்டியிருக்கு. கருமாதி ஆகாத ஆளுக்கு அழுதிருக்கீக. எழவு எழவுதான். தலைமுழுகாம ஆத்தா வாசலை மிதிக்கவிட மாட்டேன்’னாரு.

‘யோவ், நான் சாகலைய்யா’ங்காரு தலைவரு.

‘நீங்க சாகலை, சரி. அழுதது அழுததுதான?’ங்காரு பூசாரி.

முழுகத் தண்ணிக்கு எங்க போக? ஊர்க் கொழாயில கொக்குதான் உக்காந்திருக்கு. கம்மாயில வெடிப்பு. தண்ணி கெடக்கிறது ஒரே எடத்துலதான், தலைவரு தோட்டத்துப் பம்புசெட்டுல. அதுக்கு முள்வேலி, இரும்புக்கேட்டு, பூட்டு. பொம்பளையாளுக தலைவிரி கோலமா எந்திரிச்சு வரிசையா நடக்க ஆரம்பிச்சாக. அவரு என்ன செய்வாரு? கொடை நின்னுபோனா ஊர் அவரைச் சும்மா விடுமா? பொன்னாடையோட முன்னால ஓடிப்போயி கேட்டைத் தொறந்து மோட்டாரைப் போட்டாரு. ஊர்ப் பொம்பளைக பூராம் ஆசைதீரக் குளிச்சாக. ஒரு கெழவி தொட்டியை விட்டு வரவே மாட்டேன்னுட்டா. ‘செத்தவுகளைக் குளிப்பாட்டாம விடலாமா?’ன்னு எவளோ ஒருத்தி கேக்க, கடைசியில அவரையும் தலையில ஊத்தி எடுத்துட்டாக.

மறுநாளும் பொம்பளைக கொடத்தோட வந்துட்டாகளாம். பூட்டிப் பாத்திருக்காரு. கேட்டுல உக்காந்துக்கிட்டு மெதுவா அந்த ஒப்பாரியை எடுத்திருக்காக. நாலு நாள் தாங்கினாரு. அப்புறம் அவரே பைப்பு போட்டு ஊருக்குத் தண்ணி கொண்டுவந்துட்டாரு. எலெக்சன்ல ஜெயிச்சும் போட்டாரு. இப்ப ‘குடிநீர் தந்த கோமானே’ன்னு ஃப்ளெக்சு. இந்த வருசக் கச்சேரிக்கும் அவருதான் செலவு. உங்களுக்குத் தெரியாததா?

இப்ப நீங்க நியாயத்தைச் சொல்லுங்க. உங்க ஊர்க் கொழாயில இன்னைக்குத் தண்ணி வருதுன்னா யாரு காரணம்? நான் அந்தப் பேரைக் கொடுக்கலைன்னா வருமா? எனக்கு ஒரு துண்டு போத்தினாகளா? ஒரு ஃப்ளெக்சு வச்சாகளா?

அன்னைக்குப் பம்புசெட்டுல தலையைத் துவட்டிக்கிட்டே அம்மா என்னைக் கூப்பிட்டாக. ‘ஏ மைக்கு, நான் இதுவரைக்கும் பொய்யா ஒரு சொட்டு அழுததில்ல. என்னை உசிரோட இருக்கிற ஆளுக்கு அழ வச்சிட்டியே. அந்த ஆளுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டேன்ல? ஒரு பொம்பளைகிட்ட நீ கேட்டிருந்தா, அவரு உசிரோட இருக்காருன்னாவது சொல்லியிருப்பாள்ல?’ன்னாக.

‘அம்மா, கூட்டம் கொண்டாடிருச்சேம்மா’ன்னேன்.

‘அது அவுக அழுகை. அதுல உனக்கும் பங்கில்ல, எனக்கும் பங்கில்ல. இனி நீ விசாரிக்கப் போக வேண்டாம். மேடைக்கும் வர வேண்டாம்’னாக. ஏசியிருந்தாகூடப் பரவாயில்ல. ஏசவே இல்ல.

அதுக்கப்புறம் ஊர் ஊரா வந்து கூப்பிடுறாக. ‘எங்க தலைவருக்கும் ஒண்ணு பாடுங்க’ங்காக. அம்மா மாட்டேன்னுட்டாக. தப்பா விழுந்ததைத் தொழிலாக்கப்படாதாம். ஆனாலும் வேலுத்தாய் வாராகன்னு நோட்டீசு ஒட்டினா அந்த ஊர்ல தெருவிளக்கு எரிய ஆரம்பிச்சிருது. பயம் இருக்கணும்ல? இப்ப அவுகளே கம்பை ஊன்றிக்கிட்டுக் கொழாயடிக்குப் போயி விசாரிக்காக. மேடையில அறிவிப்பாளரே கெடையாது. நேரா ஏறிப் பாட ஆரம்பிச்சிருறாக. யாரு பாடுறான்னு சனத்துக்கு எப்படித் தெரியும்? தெரியுதுங்காக. எனக்கு நம்பிக்கையில்ல.

மனசு கெடந்து வேகுது அண்ணாச்சி. இத்தனை வருசத்துல எத்தனை பேரு பேரைப் பாடியிருக்காக! ஊருக்கு ஒருத்தன், கொடைக்கு ஒருத்தன். செத்தவன் பேரெல்லாம் அந்த வாயில ஏறிருச்சு. ராத்திரி ராத்திரி அவுக பேரை ஊருக்குச் சொன்ன என் பேரு ஒருநாள் ஏறல. பாட்டுல வேண்டாம், பேச்சுலயாவது? ‘ஏ மைக்கு.’ கடைசி வரைக்கும் மைக்குதான். எம் பேரு அவுகளுக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்.

அதான் ஒரு காரியம் பண்ணினேன். பக்கத்துல வாங்க. கண்டக்டருக்குக் கேக்க வேண்டாம்.

உங்க ஊர்க் கொழாயடிக்கு எதுத்தாப்புல ஒரு ஃப்ளெக்சு கட்டியிருக்கேன். நேத்து வந்து நானே கட்டினேன். என் போட்டோதான். வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, மேகம், புறா. ‘வெண்கலக்குரல் சொர்ணப்பாண்டி’ன்னு பெருசா. ‘கீழ என்ன போட, பொறந்தநாளா அஞ்சலியா?’ன்னு கடைக்காரன் கேட்டான். ஒண்ணும் போடாதன்னுட்டேன். பொய் சொல்லக்கூடாது பாருங்க. ஒரு செவ்வந்தி மாலை மட்டும் வாங்கிச் சாத்தினேன். வீட்டுக்காரி சிவகாசியில மக வீட்டுக்குப் போயிருக்கா. அவளுக்குத் தெரிஞ்சா அந்த மாலைக்கு வேலை வந்திரும்.

அவுக தண்ணிக் கொழாயடிக்கு வருவாக. பாப்பாக. மாலையைப் பாப்பாக. மனசு கேக்குமா? இன்னைக்கு ஒப்பாரியில எம் பேருதான். நான் இந்த மப்ளரைச் சுத்திக்கிட்டுக் கடைசியில நின்னு கேட்டுட்டு அடுத்த பஸ்ஸுல போயிருவேன். அம்புட்டுத்தான் ஆசை.

ஒரே ஒரு பயம்தான். அந்த மனுசனுக்கு விழுந்த மாதிரி அமைதி விழுந்துச்சுன்னா? அண்ணாச்சி, நீங்க முன்னால உக்காருவீகள்ல? எம் பேரு வந்ததும் சும்மா ஒரு தடவை துண்டால கண்ணைத் தொடைச்சுக்கிடுங்க. ஒருத்தரு தொடைச்சாப் போதும், பின்னால நாலு பேரு தொடைப்பாக. அப்புறம், எனக்கு என்ன பிடிக்கும்னு அவுக கேட்டா... என்ன பிடிக்கும்? பனங்கெழங்கு பிடிக்கும்னு சொல்லுங்க. அவிச்சது.

என்ன? திரும்பவும் என்ன சொல்லவாறீக? காலையில கொழாயடியிலயா? அதைத்தான் மொதல்ல இருந்து சொல்ல வந்தீகளா? சரி, சொல்லுங்க.

வந்துட்டாகளா? காலையிலயேவா? ஃப்ளெக்சைப் பாத்தாகளா?

பாத்துட்டு? அழுதாகளா?

மாலையைக் கழத்திட்டாகளா! அவுக கையாலயா? கழத்தி? ஆட்டுக்கா போட்டாக?

என்ன சொன்னாக? ‘இவனாவது சாகிறதாவது, செத்திருந்தா இவனே மொதல்ல வந்து மைக்கைப் பிடிச்சு அறிவிச்சிருப்பான்’னாகளா? பொம்பளைக எல்லாம் சிரிச்சாகளா? சிரிப்பாக, சிரிப்பாக. ஊருக்குத் தண்ணி கொடுத்தவனைப் பாத்துச் சிரிக்கட்டும்.

‘இவன்’னு மட்டும்தான் சொன்னாகளா அண்ணாச்சி? ‘மைக்கு’ன்னாகளா?

இல்லையா? பேரைச் சொன்னாகளா? ‘நம்ம சொர்ணப்பாண்டி’ன்னா?

இருங்க. யாராச்சும் வாசிச்சுச் சொன்னாகளா? இல்லையா? போட்டோவைப் பாத்ததுமே அவுகளாவே சொன்னாகளா? அண்ணாச்சி, அவுகளுக்கு எழுத்து தெரியாது. சத்தியமாத் தெரியாது. என்னைக்கும் தெரியாது.

வெயில்தான், வேற ஒண்ணுமில்ல. இந்தக் கண்ணாடிக்குள்ள வேர்த்து ஒழுகுது.

ஊரு வந்துருச்சா? எந்திரிக்காதீக, ஒரு நிமிசம் உக்காருங்க. நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. எம் பேரை எப்படிச் சொன்னாக? சும்மா சொன்னாகளா, இல்ல, கொஞ்சம் இழுத்துச் சொன்னாகளா?